கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு கட்டங்கள்

2025ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 6ஆம் தேதி புதன்கிழமை காலை 10.30 மணிக்குத் தானாகக் காவல் நிலையம் வந்து ஆஜரான ஜெயபாண்டி, வயது 41, த/பெ. சோலைமலை, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் குடியிருந்துகொண்டு அதே சந்தில் டி.டி.பி. மற்றும் ஜெராக்ஸ் கடை நடத்தி வருபவர், கொடுக்கும் கூடுதல் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி தாமரைச்செல்வியுடன் வசித்து வருகிறேன். பத்தொன்பது வருடங்களாக இந்தத் தொழில் செய்கிறேன். திருவாதவூரைச் சேர்ந்த மாயக்காள், வயது 56, என்பவர் மாத்திரையைத் தவறாகச் சாப்பிட்டு இறந்துபோன வழக்கில், கடந்த ஜூன் 30ஆம் தேதி இதே நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அப்போது மாயக்காள் அரசு மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அந்த வாக்குமூலத்தில் பாதியை மறைத்தேன், மீதியில் பொய் சொன்னேன். அதைத் திருத்தவே இன்று வந்திருக்கிறேன்.

எழுதுகிற உதவி ஆய்வாளர் என் தொழிலைப் பற்றி முதலில் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அழைப்பிதழ், நோட்டீஸ், மருந்துச் சீட்டு என்று எது வந்தாலும், வருகிறவர்கள் பெரும்பாலும் வேர்டில் தாங்களே ஏதோ ஒன்றைச் செய்து பென் டிரைவில் கொண்டுவருவார்கள். அதை ஓரம் சரிசெய்து, எழுத்து மாறாமல் பூட்டி, அச்சகத்துக்கு ஏற்ற பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுப்பது என் வேலை. வேர்டு கோப்பு கைப்பிள்ளை மாதிரி. ஒரு இடத்தில் தொட்டால் இன்னொரு இடத்தில் அழும். கலர் வேலை என்றால் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. கம்ப்யூட்டர் திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு இயந்திரம் நான்கு மையைக் கலந்துதான் நிறம் காட்ட முடியும். திரையில் பளீரென்று இருக்கும் சில நிறங்கள் மையில் கிடையவே கிடையாது. அவற்றில் முதலாவது பளீர் நீலம். அதை அப்படியே மாற்றினால் தாளில் கத்தரிப்பூ நிறமாக இறங்கும். இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. கடைக்கு வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் மாதமே இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

கடந்த மே மாதம் 19ஆம் தேதி திங்கட்கிழமை, சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடிந்த அடுத்த வாரம், தனியார் மூட்டுவலி மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருந்த ரோகிணி என்பவர் கடைக்கு வந்தார். அவர்களிடம் வரும் நோயாளிகளில் பலருக்கு எழுத்துத் தெரியாது, எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று குழம்புகிறார்கள், அதனால் நிறத்தை வைத்தே புரிகிற மாதிரி ஒரு அட்டை அடிக்க வேண்டும் என்றார். அட்டையில் ஆறு கட்டங்கள் இருந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மேலே நான்கு. ஐந்தாவது பளீர் நீலம், அதில் ஏழு சூரியன் படம். ஆறாவது கத்தரிப்பூ நிறம், அதில் ஒரே ஒரு சூரியன். நீல ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவில் உள்ள மாத்திரையை வாரத்தில் ஏழு நாளும் சாப்பிட வேண்டும், கத்தரிப்பூ ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவில் உள்ளதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வேண்டும் என்று விளக்கினார். இரண்டு மாத்திரையும் சின்னதாக மஞ்சளாக ஒன்றுபோல இருக்கும், அதனால்தான் இம்புட்டு மெனக்கெடுகிறேன் அண்ணே என்றும் சொன்னார். இதை அவர் என்னிடம் சொன்னார் என்பதை முதல் வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை. அது என்ன அட்டை என்றே எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது பொய்.

அதன் பிறகு, மறுநாள் மதியம் முழுவதும் உட்கார்ந்து அந்தக் கோப்பைச் சரிசெய்தேன். அதன் பிறகு, ரோகிணிக்கு மாதிரி காட்டுவதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினேன். இந்த இடத்தை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்கு மாற்றிய பி.டி.எஃப். படத்தை நான் அனுப்பவில்லை. மாற்றுவதற்கு முன் வேர்டு திரையில் தெரிந்த பளபளப்பான படத்தைத்தான் அனுப்பினேன். இது எங்கள் தொழிலில் பலர் செய்வதுதான். நானும் முன்பெல்லாம் அச்சில் எப்படி வருமோ அதையே காட்டிக்கொண்டிருந்தேன். டி. கல்லுப்பட்டிக் கல்யாணப் பார்ட்டி ஒன்று, பெண்ணின் சேலை வெளுத்துத் தெரிகிறது, உனக்குக் கலரே வராதா என்று கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து கண்ணுக்கு நல்லதைக் காட்டி ஓகே வாங்குவது, அச்சில் வருவதைப் பிறகு பேசிச் சமாளிப்பது என்று பழகிக்கொண்டேன். கல்யாணச் சேலைக்குச் செய்ததை மருந்து அட்டைக்கும் செய்தேன். ரோகிணி படத்தைப் பார்த்துவிட்டு ‘ஓகே அண்ணே, கலர் சூப்பர்’ என்று பதில் போட்டார். அந்தப் பதிலைத்தான் ஜூன் 30ஆம் தேதி என் போனில் காட்டினேன். உதவி ஆய்வாளரும் பார்த்தார். அதில் நீலம் நீலமாகவே இருந்தது.

அதன் பிறகு, மே 21ஆம் தேதி நெல்பேட்டையில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கும் பரீத் பாய்க்கு பி.டி.எஃப். அனுப்பினேன். முதல் வாக்குமூலத்தில் அட்டையை என் கடை மெஷினிலேயே அடித்ததாகச் சொன்னேன். அதுவும் பொய்தான். பரீத் பாயை விசாரித்தால் அவர் உள்ளதைச் சொல்லிவிடுவார் என்று பயந்து அவர் பெயரையே மறைத்தேன். அன்று காலை பதினொரு மணி அளவில் அவர் எனக்குப் போன் செய்தார்.

“ஜெயபாண்டி, கடைசி ரெண்டு கட்டமும் ஒண்ணு போலத்தேன் விழுகுது. பார்த்துத்தான் அனுப்புனியா?” என்றார்.

பார்ட்டி ஓகே பண்ணிவிட்டது, ஓட்டுங்கள் பாய் என்றேன். அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீலத்தில் கலக்கும் சிவப்பு மையைக் குறைத்தால் போதும். ஆனால் கோப்பைத் திறந்தால் கட்டங்கள் நகரும், எழுத்து கீழே இறங்கும், மறுபடி ஒரு மதியம் போகும் என்று சலிப்பாக இருந்தது. வைகாசி முகூர்த்தத்துக்கு அழைப்பிதழ் வேலை வேறு மேசையில் குவிந்து கிடந்தது. மேலும், உங்கள் நீலம் அச்சில் வராது என்று ரோகிணியிடம் சொன்னால், அப்படியானால் நீங்கள் எனக்கு அனுப்பிய படம் என்ன என்று அவர் கேட்பார். அதனால் ஆயிரம் அட்டைகளும் ஓடின.

அதன் பிறகு, மே 24ஆம் தேதி சனிக்கிழமை அட்டைகளை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன். மே 26ஆம் தேதி திங்கட்கிழமை மதியம் ரோகிணி கையில் ஒரு அட்டையுடன் கடைக்கு வந்தார். வெயிலில் பஸ் மாறி வந்திருந்தார். நீலமும் கத்தரிப்பூ மாதிரியே இருக்கிறதே அண்ணே, எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதா என்று கேட்டார். அவர் சண்டைக்கு வரவில்லை, சந்தேகம் கேட்கத்தான் வந்தார். கடையில் அப்போது நான்கைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் என் வேலையில் குறை சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஊசி போடுவதைப் பற்றி நான் உங்களிடம் கேட்கிறேனா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகு, புது மை அப்படித்தான் இருக்கும், ஒரு வாரம் காயட்டும், நீலம் தனியாகத் தெரியும் என்று சொன்னேன். மை காய்ந்தால் நிறம் மாறாது. பத்தொன்பது வருடத்தில் ஒரு மையும் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை, சரிங்கண்ணே, உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டுப் போனது.

ரோகிணி இப்படி நேரில் வந்து கேட்டார் என்பதை முதல் வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை. அச்சான பிறகு அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை என்று எழுதச் சொன்னேன். அவர் இதே நிலையத்தில், தான் கடைக்குப் போய்க் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு அது உண்மையா என்று கேட்டபோது, அவர் என் கடைக்கு வந்ததே வேலை கொடுக்க வந்த அந்த ஒரு தடவைதான் என்றேன். நான் அப்படிச் சொல்லும்போது அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போகும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்துப் பார்ப்பது போல நடந்துபோய்விட்டேன்.

அதன் பிறகு மாயக்காளுக்கு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஜூன் 9ஆம் தேதி அவருக்கு அட்டையும் இரண்டு டப்பாவும் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கும் அவர் கணவர் முத்திருளனுக்கும் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை பத்து, அதாவது பத்து வாரத்துக்கானது. மறுநாளிலிருந்து ஒன்பது நாளில் அது தீர்ந்திருக்கிறது. அளவு மீறியதில் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் போயிருக்கிறது. மாத்திரை தீர்ந்துவிட்டது என்று முத்திருளன் திரும்ப வாங்கப் போன இடத்தில் ரோகிணிதான் கண்டுபிடித்து, அவரே கூடப் போய் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். ஜூலை 8ஆம் தேதி மாயக்காள் இறந்துபோனார். ரோகிணி தவறாகச் சொல்லிக்கொடுத்ததாக முடிவாகி, வேலையை விட்டு நிறுத்தப்பட்டு, வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, சேர்க்கப்பட்டார். இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குப் பயம் போய்விட்டது. நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

அதன் பிறகு, ஜூலை 28ஆம் தேதி திங்கட்கிழமை காலை சுமார் பதினொன்றரை மணிக்கு, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அது நான் அடித்த அட்டை. அவர் முத்திருளன் என்பது அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் என் கடைப் பெயரும் ஊரும் போட்டிருக்கிறேன், துக்கத்துக்கு வந்த அவர் மகள் முத்துமீனா அதை வாசித்துச் சொல்லியிருக்கிறார். நான் பயந்துபோய், போலீசில் இதைக் கேட்கவில்லையா என்று கேட்டேன். டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள், அட்டையை யாரும் கேட்கவில்லை என்றார். யாரும் கேட்காததற்குக் காரணம் என் போனில் இருந்த படம்தான்.

அவர் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. என்னைக் குற்றம் சொல்ல வரவும் இல்லை. தினமும் மனைவிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது தான்தான் என்றார். கத்தரிப்பூ டப்பாவை அட்டையோடு சேர்த்துப் பார்த்ததாகவும், ஏழு சூரியன் போட்ட கத்தரிப்பூக் கட்டம் இருந்ததால் தினம் ஒன்று கொடுத்ததாகவும், அதற்குக் கீழே ஒரு சூரியன் போட்ட கத்தரிப்பூக் கட்டம் ஒன்று தனியாக இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட ஒன்று சேர்த்துக் கொடுத்ததாகவும் சொன்னார். நீல டப்பாவுக்கு அட்டையில் கட்டமே இல்லாததால் அதைத் திறக்கவில்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல, அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நர்சம்மா வாயால் வேறு மாதிரி சொன்னதாக ஞாபகம், ஆனால் அட்டையில் அடித்திருப்பது தப்பாக இருக்காது என்று நினைத்ததாகவும் சொன்னார்.

அதன் பிறகு அவர், “இதுல நீலம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாக தம்பி. கண்ணு கேம்ப்புக்குப் போயிப் பார்த்தேன், கண்ணு நல்லாத்தேன் இருக்குன்னாக. எனக்கு நம்பிக்கையில்ல. நீங்க அடிச்சவுக. நீலம் எதுன்னு ஒரு வெரல வச்சுக் காட்டுங்க, போயிருறேன்” என்றார்.

நான் ஏழு சூரியன் போட்ட கட்டத்தின் மேல் விரலை வைத்தேன்.

“இதுதாங்கய்யா நீலம்” என்றேன்.

அவர் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு சந்துக்கு இறங்கி வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்த பிறகுதான் ஒதுங்கினார். திரும்ப வந்து அட்டையை மேசையில் வைத்தார்.

“அப்ப என் கண்ணுதேன்” என்றார். பிறகு, “அம்புட்டும் என் கையால எடுத்துக் குடுத்தது” என்றார்.

அதன் பிறகு அவர் போய்விட்டார். அட்டையை எடுக்கவில்லை. நான் அவரைக் கூப்பிடவில்லை. ஆதார் நகல் எடுக்க ஒரு அம்மா காத்திருந்தார், அவருக்கு இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தேன். போலீசில் சொன்ன பொய்களைப் பயத்தில் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பொய்க்கு அப்படி எதுவும் கிடையாது. அவர் போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை. அவரிடம் இதில் நீலம் இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு அந்த இடத்தில் ஒன்றும் ஆகியிருக்காது. வாயில் வந்துவிட்டது. பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது என் மனைவியிடம் சொன்னேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள்.

“கண்ணு தெரியிற மனுசனக் குருடாக்கிட்டு வந்து சோறு கேக்குறீங்க” என்றாள். இன்றுவரை தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

அதன் பிறகு, ஆகஸ்ட் 1ஆம் தேதி வெள்ளிக்கிழமை, முத்திருளனை நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று திருவாதவூருக்குப் பஸ் ஏறினேன். ஊர் வந்ததும் கண்டக்டர் இரண்டு தடவை குரல் கொடுத்தார். நான் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

நேற்று அந்த வேர்டு கோப்பைத் திறந்து, நீலத்தில் சிவப்பு மையைக் குறைத்து, மறுபடி பி.டி.எஃப். ஆக்கி ஒரு தாள் எடுத்துப் பார்த்தேன். நீலம் நீலமாக வந்தது. கட்டம் எதுவும் நகரவில்லை, எழுத்தும் இறங்கவில்லை. ஆரம்பித்ததிலிருந்து முடிக்கிற வரை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தாளையும், முத்திருளன் என் மேசையில் விட்டுப்போன அட்டையையும், பரீத் பாய்க்கு நான் அனுப்பிய கோப்பு உள்ள பென் டிரைவையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். அட்டையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், நான் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

யாராவது சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ இதைச் சொல்கிறாயா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இல்லை. இதைச் சொன்னால் வழக்கில் நானும் எதிரியாகச் சேர்க்கப்படலாம் என்பது தெரியுமா என்று கேட்டார். தெரியும். ரோகிணி அவர்கள் பார்த்து ஓகே சொன்ன படமும் அச்சான அட்டையும் வேறு வேறு. அச்சானதைப் பார்த்ததும் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அந்த மருத்துவமனையிலிருந்து வந்து கேட்ட ஒரே ஆளும் அவர்தான். அவரை நான் நாலு பேர் முன்னால் சிரித்து அனுப்பினேன்.

இந்த வாக்குமூலத்தை முத்திருளன் அவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அப்படி ஒரு நடைமுறை இல்லை என்றும், வேண்டுமானால் நீயே போய்ச் சொல் என்றும் உதவி ஆய்வாளர் சொன்னார். நான் போய் இறங்காமல் வந்தவன் என்பதால் மறுபடியும் கேட்டேன். கேட்டதை எழுதிக்கொள்வதாகச் சொன்னார். முத்திருளன் அவர்களிடம் மற்ற எதையும் சொல்லாவிட்டாலும் இதை மட்டும் சொல்லவும். அவர் கண் பார்த்தது சரி. அந்த அட்டையில் நீலம் கிடையாது. நான் விரல் வைத்துக் காட்டியது கத்தரிப்பூ.

மேலே எழுதியிருப்பதை முதல் வரியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. ஜூன் 30ஆம் தேதி கொடுத்ததையும் இதே போல் வாசித்துக் காட்டினார்கள். அதன் அடியிலும் அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

(ஒப்பம்)
சோ. ஜெயபாண்டி